ஆவணி 5ஆம் திகதியும் கின்னபுறூக்கின் அரைச் செக்கனும்

கனடாவிலிருந்தோ ஊரிலிருந்தோ யார் வந்தாலும் லண்டனில் நான் கூட்டிக்கொண்டு போகிற இடங்கள் மூன்று. ஒன்று ஈலிங் அம்மன் கோயில். மற்றது தேம்ஸ் கரையில் ஒரு நடை. மூன்றாவது கிறீன்விச் குன்று. முதல் இரண்டுக்கும் சந்தோசமாக வருவார்கள். மூன்றாவதுக்கு, "இந்தக் குளிருக்குள்ள மலை ஏறி ஒரு கோட்டைப் பாக்கவோ?" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வருவார்கள். மேலே போனபிறகு எல்லாரும் செய்வது ஒன்றுதான். நிலத்தில் பதித்திருக்கிற அந்த உலோகக் கோட்டில் ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் வைத்துப் படம் எடுப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ரொறொன்ரோவிலிருந்து வந்த மருமகன் அந்தக் கோட்டின் மேல் நின்று போனை எடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்தான். "மாமா, இது பிழையான கோடு" என்றான். போனில் பூச்சியம் வரவில்லை. மேற்கே 5 செக்கன் சொச்சம் என்று காட்டியது. அவன் சொன்னது சரி. இப்போது செய்மதிகள் பாவிக்கும் பூச்சியக் கோடு இந்த உலோகக் கோட்டுக்குக் கிழக்கே சுமார் 102 மீற்றர் தள்ளி, பூங்காவின் புல்லுக்குள் போகிறது. அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

காரணம் சுவாரசியமானது. 1851இல் ஜோர்ஜ் எயரி தன்னுடைய பெரிய தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்த ஒரு தட்டில் பாதரசம் ஊற்றி அதன் மட்டத்தைப் பாவித்தார். பாதரசம் அந்த இடத்துப் புவியீர்ப்புக்குத்தான் பணியும். கிறீன்விச்சுக்குக் கீழே உள்ள நிலத்தின் அமைப்பால் அந்த ஈர்ப்பு நேரே பூமியின் நடுவுக்குப் போகாமல் ஒரு பொட்டுச் சரிந்திருக்கிறது. செய்மதிகளோ பூமி முழுவதன் திணிவு மையத்திலிருந்து கணக்குப் பார்க்கின்றன. எயரி பிழை விடவில்லை. அவர் நின்ற நிலம் அவரை 102 மீற்றர் இழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் நான் அந்தக் குன்றுக்குப் போவது கோட்டுக்காக அல்ல. அதே கட்டடத்தில், சில அடிகள் தள்ளி, இன்னொரு தொலைநோக்கி நின்ற அறை இருக்கிறது. அங்கேதான் 1796இல் டேவிட் கின்னபுறூக் என்ற ஒரு உதவியாளருக்கு வேலை போனது. அவருடைய கதையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. ஏன் என்று கடைசியில் விளங்கும்.

முதலில் அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள் என்று சொல்லவேண்டும். தொலைநோக்கி வடக்குத் தெற்காக மட்டும் அசையும். கண்ணாடிக்குள் மெல்லிய கம்பிகள் நிறுத்தி வைத்திருக்கும். நட்சத்திரம் ஒரு பக்கத்தால் வந்து கம்பியைத் தாண்டி மறுபக்கத்தால் போகும். சுவரில் ஊசல் மணிக்கூடு டிக்... டிக்... என்று செக்கனைச் சொல்லிக்கொண்டிருக்கும். அவதானிப்பவர் மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கனை மனதில் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துக் காதால் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். கம்பிக்கு முந்தின டிக்கில் நட்சத்திரம் எங்கே நின்றது, பிந்தின டிக்கில் எங்கே நின்றது என்று மனதில் பதித்து, இடையில் கம்பியைத் தொட்ட நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனுக்கு மதிப்பிடவேண்டும். கண், காது, மனக்கணக்கு மூன்றும் ஒரே நேரத்தில். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிராட்லி காலத்திலிருந்து இதுதான் முறை. உலகத்துக் கப்பல்கள் எல்லாம் நம்பிப் போன கடல் பஞ்சாங்கம், 1767ஆம் ஆண்டுக்கு முதல் இதழ் வந்ததிலிருந்து, இப்படி எடுத்த வாசிப்புகளின் மேல்தான் நின்றது.

நெவில் மஸ்கெலின் அப்போது அரச வானியலாளர். கின்னபுறூக் நோரிச் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். 1794இல் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடமும் அடுத்த வருடத்தின் முற்பகுதியும் இருவருடைய வாசிப்புகளும் நன்றாக ஒத்துப்போயின. 1795 ஆவணியிலிருந்து கின்னபுறூக்கின் நேரங்கள் மஸ்கெலினுடையதைவிட அரைச் செக்கன் பிந்தி வரத் தொடங்கின. மஸ்கெலின் எச்சரித்தார். பாவம், அந்தப் பெடியன் என்னதான் முயன்றானோ, 1796 தையில் வித்தியாசம் 0.8 செக்கனாகக் கூடிவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

0.8 செக்கன் என்றால் இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். கிறீன்விச் இருக்கிற அட்சரேகையில் பூமி ஒரு செக்கனுக்குச் சுமார் 290 மீற்றர் சுழல்கிறது. ஆகவே 0.8 செக்கன் என்பது கிட்டத்தட்ட 230 மீற்றர். மஸ்கெலின் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் கொடுங்கோலரும் அல்ல, தன் அச்சிட்ட அவதானிப்புகளில் நடந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். கின்னபுறூக் ஏதோ சொந்தமான குழப்பமான முறைக்குப் போய்விட்டார் என்பது அவருடைய முடிவு.

நான் நிற்கிற இடம் இதுதான். இரண்டு பேர் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு நேரம் வருகிறது. ஒருவர் பிந்துகிறார் என்றும் சொல்லலாம், மற்றவர் முந்துகிறார் என்றும் சொல்லலாம். மூன்றாவதாக ஒருவர் இல்லை. அந்த நிலையில் யார் பிழை என்பதை நட்சத்திரம் தீர்மானிக்கவில்லை. யார் முதலாளி என்பதுதான் தீர்மானித்தது. கின்னபுறூக் 1802இல் இளவயதிலேயே இறந்துபோனார்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தபோது எங்களுக்குப் பௌதிகவியல் எடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். எளிய ஊசல் பரிசோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு 50 அலைவுக்கு நேரம் எடுக்கவேண்டும். பாடசாலையில் நிறுத்தற் கடிகாரம் இரண்டு இருந்தது, அதில் ஒன்று நடக்காது. நானும் பக்கத்தில் நின்ற நண்பனும் ஒரே ஊசலை மாறி மாறி அளந்தோம். என்னுடையது எப்போதும் கொஞ்சம் குறைவாக வந்தது. அவன், "இவன் அந்தரப்பட்டு முந்தி அமத்திறான் சேர்" என்று கோள்மூட்டினான். வாத்தியார் சிரித்தார். "அமத்திற கை எல்லாருக்கும் ஒரே கை இல்லை. ரெண்டையும் எழுது. வாசிப்புக்குப் பக்கத்தில வாசிச்சவன்ர பேரும் இருக்கவேணும்" என்றார். அந்தக் கொப்பி வீட்டோடு எரிந்துபோனது. நண்பனும் இப்போது இல்லை. அந்த வசனம் மட்டும் என்னோடு லண்டன் வரைக்கும் வந்தது.

கின்னபுறூக்குக்கு நியாயம் கேட்டவர் ஒரு ஜெர்மன்காரர். கோனிக்ஸ்பேர்க்கில் இருந்த பெசல். 1816இல் ஒரு வானியல் சஞ்சிகையில் கிறீன்விச் கதை திரும்ப எழுதப்பட்டதைப் பார்த்து அவருக்கு ஐமிச்சம் வந்தது. வேலை போகும் என்று தெரிந்தும் ஒருவன் வேணுமென்று அரைச் செக்கன் பிந்துவானா? 1820இல் வால்பெக் என்ற வானியலாளரோடு சேர்ந்து ஒரே நட்சத்திரங்களை மாறி மாறி அவதானித்துப் பார்த்தார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரும் கவனமானவர்கள். வித்தியாசம் ஒரு செக்கனுக்கும் மேல்! கின்னபுறூக்குடையதைவிடப் பெரியது. சில வருடங்களில் ஆர்கெலாண்டரோடும் செய்து பார்த்தார். அங்கும் அப்படித்தான்.

ஆகவே கின்னபுறூக் சோம்பேறி அல்ல. ஒவ்வொரு மனிதனும் கண்ணையும் காதையும் ஒன்றாக்கத் தனக்கென்று ஒரு நேரம் எடுக்கிறான். அந்த வித்தியாசத்துக்கு 'ஆளுக்குரிய சமன்பாடு' என்று பொருள்படும் ஒரு பெயரை வானியலாளர்கள் வைத்தார்கள். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். அதைப் பிழை என்று சொல்லவில்லை, குற்றம் என்று சொல்லவில்லை. சமன்பாட்டில் போட்டுக் கழித்துவிடலாம் என்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை.

எயரி காலத்தில் கிறீன்விச்சில் அதைத்தான் செய்தார்கள். 1854இலிருந்து மின்சாரத்தில் இயங்கும் காலப்பதிவுக் கருவி வந்தது. உருளையில் சுற்றிய கடதாசியில் மணிக்கூடு செக்கனுக்கு ஒரு புள்ளி குத்தும். நட்சத்திரம் கம்பியைத் தொடும்போது அவதானிப்பவர் விசையைத் தட்டினால் இன்னொரு புள்ளி விழும். காதுக்கு வேலை இல்லை. வித்தியாசம் நன்றாகக் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. அச்சிட்ட புத்தகங்களில் அவதானித்தவரின் முதலெழுத்தும் வாசிப்போடு சேர்ந்து நின்றது. எங்கள் வாத்தியார் சொன்னதேதான்.

இங்கிருந்துதான் விசயம் வைத்தியப் பக்கம் திரும்புகிறது. நரம்பில் செய்தி போக நேரம் எடுக்குமா என்பதே அப்போது கேள்வி. அது கண நேரம், அளக்கவே முடியாது என்று பெரிய உடற்றொழிலியலாளர்களே நினைத்தார்கள். 1850 அளவில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தவளையின் நரம்பில் அளந்து காட்டினார். செக்கனுக்குச் சுமார் 30 மீற்றர், ஒரு கடுகதி ரெயினின் வேகம்தான்! அவர் இதைச் செய்ததும் பெசல் இருந்த அதே கோனிக்ஸ்பேர்க்கில். பிறகு நெதர்லாந்தில் டொண்டர்ஸ், ஜெர்மனியில் வூண்ட் என்று மனத்தின் வேகத்தை அளக்கும் ஒரு துறையே வளர்ந்தது. இன்றைக்கு மூளை வைத்தியத்தில் ஒரு வெளிச்சத்தைக் காட்டி எத்தனை மில்லிசெக்கனில் பொத்தானை அமத்துகிறாய் என்று பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனையின் பாட்டன் கிறீன்விச்சின் நட்சத்திர அறைக்குள் இருக்கிறான்.

சென்னையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கொம்பனி ஒரு வானாய்வு நிலையம் கட்டியது. அங்கே தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. 1861இலிருந்து நோர்மன் போக்சன் அங்கே பொறுப்பு. நட்சத்திரப் பிரகாசத்தை அளக்க இன்றைக்கும் பாவிக்கும் அளவுமுறை அவருடையது, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856இலேயே சொல்லியிருந்தார். அவருக்குக் கீழே உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு அதற்குப் பெயர் ஆர் ரெற்றிக்கியூலி. சென்னை நட்சத்திரப் பட்டியலுக்கான வாசிப்புகளில் பெரும் பகுதி அவருடைய கண்ணால் வந்தது. 1872இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றிச் சனத்துக்கு விளங்குகிற மாதிரிச் சிறு நூல் எழுதித் தமிழிலும் வெளியிட்டார். பட்டியலுக்குக் கண்ணைக் கொடுத்தவர்களின் பெயரைப் பொதுவாக யாரும் ஞாபகம் வைப்பதில்லை. இவருடையது தப்பியது.

சரி, மனிதனை வைத்தால் மனிதனின் வித்தியாசமும் சேர்ந்து வருகிறது. அப்படியென்றால் மனிதனையே எடுத்துவிட்டால் என்ன? அந்த யோசனையும் லண்டனில்தான் நன்றாக வேர்விட்டது. 1840களின் கடைசியில் கிறீன்விச்சில் காந்தமானிகளும் வளியமுக்கமானிகளும் இரவு பகலாகத் தாங்களே தங்களைப் பதிவு செய்யத் தொடங்கின. வெளிச்சக் கதிர் ஒன்று படக் கடதாசியில் கோடு கீறும். இதைச் செய்துகொடுத்த சார்ள்ஸ் புறூக் யார் என்று பார்த்தால், வெஸ்ற்மின்ஸ்ரர் வைத்தியசாலைச் சத்திரசிகிச்சை நிபுணர்! பகலில் ஆளை வெட்டித் தைக்கிறவர், மிச்ச நேரத்தில் காந்த ஊசிக்குத் தானாக எழுதப் பழக்கியிருக்கிறார்.

1887ஆம் ஆண்டை எடுங்கள். பாடிங்டனில் சென்ற் மேரிஸில் அகஸ்ரஸ் வொலர் மனித இதயத்தின் மின் துடிப்பை உடம்பின் வெளியிலிருந்தே முதன்முதலாகப் பதிவு செய்தார். கருவி, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம். இதயம் துடிக்கப் பாதரசம் ஒரு மயிரளவு ஏறி இறங்கும். அதைப் படத்தகட்டில் விழுத்தவேண்டும், தகடோ ஒரே சீராக நகரவேண்டும். மனிதர் என்ன செய்தார்? தகட்டை ஒரு விளையாட்டு ரெயினில் வைத்து ஓடவிட்டார். பிறகு ஜிமி என்ற தன் புல்டோக் நாயின் கால்களை உப்புத்தண்ணீரில் வைத்துக் காட்டி, 1909இல் அரச கழகத்தில் அப்படிக் காட்டியதற்கு மிருகவதை என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புத்தண்ணீர்தானே, கடற்கரையில் கால் நனைக்கிற மாதிரி.

அதே 1887இல் ஹைட் பார்க்குக்கு அந்தப் பக்கம், தெற்குக் கென்சிங்டனில், சார்ள்ஸ் வேர்ணன் போய்ஸ் என்ற பௌதிகவியலாளர் வில்லும் அம்பும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். பளிங்குக் கல்லை உருக்கி, உருகினபடி ஒரு வைக்கோல் அம்பில் ஒட்டி, அறைக்குள் அம்பை எய்வார். அம்பு போகிற வழியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான நூல் இழுபட்டு வரும். அந்த நூலில் தொங்கவிட்ட கருவியால் சந்திரனின் சூட்டை அளந்தார். ஒரு மைலுக்கு அப்பால் எரியும் மெழுகுதிரியின் சூடுகூட அதற்குத் தெரியுமாம். நட்சத்திரங்களையும் பார்த்தார், அவற்றின் சூடு அதற்குப் பிடிபடவில்லை.

இரண்டையும் ஒன்று சேர்த்தவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். பாதரசக் குழாயைத் தூக்கி வைத்துவிட்டு, வெள்ளி பூசிய பளிங்கு நூலைப் பெரிய காந்தத்துக்குள் கட்டி இதயத்தை எழுதவைத்தார். 1924இல் நோபல் பரிசு. வொலர் 1922இலேயே இறந்துவிட்டார், தன்னுடைய கண்டுபிடிப்பு வைத்தியசாலைகளில் இவ்வளவு பாவிக்கப்படும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. இன்றைக்கு நெஞ்சில் பத்து வயரை ஒட்டிவிட்டு, "ஆடாமப் படுங்கோ அங்கிள்" என்கிறார்களே, அந்தக் கோட்டின் ஒரு நுனி ஒரு விளையாட்டு ரெயினிலும் மறு நுனி சந்திரனுக்கு எய்த அம்பிலும் இருக்கிறது.

இப்போது என் மச்சானின் விரலுக்கு வருகிறேன்.

2021 தை. லண்டனில் கொரோனா மிக மோசமாக இருந்த மாதம். மச்சானுக்குக் காய்ச்சல், இருமல், பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் ஒன்று வீட்டில் இருந்தது. அப்போது எல்லாருக்கும் பாடம், 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டில் இரு, 93, 94 என்றால் போன் பண்ணு, 92 அல்லது குறைவென்றால் அம்புலன்ஸ். மச்சானுக்கு 95, 94, திரும்ப 95. அக்கா போன் பண்ணினா. இலக்கத்தைக் கேட்டார்கள். கவனித்துக்கொண்டிருங்கள் என்றார்கள். ஆள் வசனத்தை முடிக்க முடியாமல் இளைக்கிறார் என்று அக்கா சொல்லியும், பேச்சு இலக்கத்துக்கே திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அக்காவே காரில் ஏற்றிக்கொண்டு போனா. அங்கே விரலில் 94. மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது 88. பத்தொன்பது நாள் வைத்தியசாலையில் இருந்தார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? 1970களின் முற்பகுதியில் ஜப்பானியப் பொறியியலாளர் ரக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை. சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் விரலுக்குள்ளால் போகும். ஒட்சிசன் ஏறின குருதி ஒன்றை அதிகம் விடும், ஏறாதது மற்றதை. தோல், சதை, எலும்பு எல்லாமும் வெளிச்சத்தைக் குடிக்கும்தான், ஆனால் அவை துடிப்பதில்லை. துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்தால் நாடிக் குருதி தனியே பிடிபடும். அருமையான யோசனை, அதனால் உயிர் தப்பியவர்கள் கணக்கில்லை. அயோயாகி 2020 சித்திரையில், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இறந்துபோனார்.

கணக்கின்படி தோல் கழிபட்டுவிடும். நடைமுறையில் முழுதாகக் கழிபடுவதில்லை. வெளிச்சத்தின் விகிதத்திலிருந்து 95 என்ற இலக்கத்துக்குப் போக ஒரு அட்டவணை வேண்டும். அதைச் சுகதேகிகளான தொண்டர்களை ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அவர்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரிக்கிறார்கள். அந்தத் தொண்டர்களின் விரல்கள் எந்த நிறம்? 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, குறைந்தது பத்துப் பேரில் கருந்தோல் உள்ளவர்கள் இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 வீதம் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. அதற்கு முன்பு என்ன நிலை என்று யோசித்துப் பாருங்கள். கருந்தோலில் வாசிப்புக் கூடிக் காட்டுகிறது என்று 1990இலேயே கட்டுரை வந்திருக்கிறது. 2020 மார்கழியில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒக்சிமீற்றர் 92 முதல் 96 வரை காட்டியபோது, கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 வீதமானோரின் இரத்தத்தில் உண்மையில் 88க்கும் குறைவாக இருந்தது. வெள்ளையரில் அது 4 வீதத்துக்கும் குறைவு. பிரித்தானிய அரசு நியமித்த மார்கரெற் வைற்ஹெட் குழுவின் அறிக்கை 2024 பங்குனியில் வெளிவந்தது. கருந்தோலில் கருவி கூட்டிக் காட்டுகிறது என்று அதுவும் ஒத்துக்கொண்டது.

மச்சானுக்கு நடந்தது தோல் நிறத்தால்தானா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கை குளிர்ந்திருந்தாலும் அப்படி வரும், மலிவுக் கருவியாலும் வரும். ஒரு மனிதனின் ஒரு விரலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் விரலையும் இரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். 1820 வரைக்கும் கின்னபுறூக் பிழைகாரனாக இருந்ததும் இதனால்தான். இரண்டு நேர்மையான மனிதர்களை உட்கார்த்தி வைத்து ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கூடக் குறைய 2 வீதம் துல்லியம் என்று போட்டிருந்தது. யாருடைய விரலில் என்று போட்டிருக்கவில்லை.

எனக்கு ஏன் கின்னபுறூக்கில் இவ்வளவு பாசம் என்று சொல்கிறேன் என்றேன்.

1993இல் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். அந்த வருடக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். முதல் விசாரணையில், எப்போது பிடித்தார்கள் என்று கேட்டார்கள். "ஆவணி அஞ்சாம் திகதி" என்றேன். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐயா, நல்ல மனிதர், எனக்குத் தேத்தண்ணிகூட வாங்கித் தந்தார். அடுத்த வருடம் இரண்டாவது விசாரணை. அதே கேள்வி, அதே பதில். இந்தமுறை மொழிபெயர்த்தவ எங்கட ஊர்ப் பக்கத்து அக்கா. 1996இல் கடிதம் வந்தது, நிராகரிப்பு. மற்றக் காரணங்களோடு ஒன்று: முதல் விசாரணையில் ஓகஸ்ட் 21 என்று சொன்ன நீ இரண்டாவதில் ஓகஸ்ட் 5 என்று சொல்கிறாய், ஆகவே உன்னுடைய கதை நம்பத்தகுந்தது அல்ல.

நான் விறைத்துப்போனேன். 21 என்ற இலக்கம் என் வாயில் வந்ததே இல்லை. எனக்கே என்னில் சந்தேகம் வந்தது. அடியில் மறந்துபோனேனோ என்று நினைத்தேன். ராத்திரியில் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நிற்கும்போது அந்த நாட்களை விரலில் எண்ணி எண்ணிப் பார்ப்பேன்.

உங்களில் பலருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். இலங்கையில் நாங்கள் ஆவணி என்றால் ஓகஸ்ட். தை என்றால் ஜனவரி. பத்திரிகையில், பிறப்புச் சான்றிதழில், எல்லாவற்றிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆவணி என்றால் பஞ்சாங்கத்து ஆவணி, ஓகஸ்ட் 17 அளவில் பிறக்கும். அந்த ஐயா சரியாகக் கணக்குப் பார்த்து 21 என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் சரியாக 5 என்று சொல்லியிருக்கிறா. நானும் சரி. மூன்று பேரும் சரியாகச் சொல்லி 16 நாள் வித்தியாசம் வந்தது, அதற்குப் பொய்யன் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. விசாரணைத் தாளில் மொழிபெயர்த்தவரின் பெயர் இல்லை. ஒரு இலக்கம் மட்டும் இருந்தது.

கண்டுபிடித்தது என்னுடைய வக்கீல் அல்ல, வக்கீல் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த வல்வெட்டித்துறைப் பெட்டை ஒருத்தி. மற்றத் தமிழ் ஆட்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தா. ஒரே மாதிரி, மாதக்கணக்கு வருகிற இடமெல்லாம் பதினைந்து பதினாறு நாள் வித்தியாசம். அவ அதை ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதித் தந்தா. 1997இல் மேன்முறையீட்டில் அந்தத் தாளைத்தான் கொடுத்தோம். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். திரும்ப ஒருக்கால் வாசித்தார். பெசலைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

போன வைகாசியில் மச்சான் தானும் கிறீன்விச் வரப்போவதாக நின்றார். குன்றில் ஏறும்போது நாலு தரம் இருந்து இருந்து ஏறினார். மேலே வாங்கில் இருந்தபடி, பழக்கதோசத்தில், பொக்கற்றிலிருந்து ஒக்சிமீற்றரை எடுத்து மாட்டினார். 96. "இதை நம்பலாமோ?" என்று கேட்டார். "நாடியைப் பிடிச்சுப் பாப்பம்" என்றேன். என் மணிக்கூட்டை வைத்து நான் அவருடைய இடது கையிலும், அவர் தன்னுடைய வலது கையிலும் ஒரு நிமிடம் எண்ணினோம். எனக்கு 92 வந்தது, அவருக்கு 95. "நீ பிந்தித் தொடங்கினனி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கட்டித் தந்த இடியப்பப் பார்சலைப் பிரித்தேன்.